சாட்சிக்கு மூச்சு வாங்கக்கூடாது

கம்பம் பள்ளத்தாக்கில் மனுசர்கள் இத்தனை காலம் தெம்பாக உயிரோடு இருப்பதற்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்வார்கள். சுத்தப் பொய். காரணம் எங்கள் ரிட்டன் வக்கீல். அவரிடம் உயில் எழுதப் போன ஒருவரும் லேசில் எழுதி முடித்ததில்லை. எழுதி முடிக்காமல் சாகவும் ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை. கூடலூரில் டாக்டர்கள் கைவிட்ட ஒரு பெரியவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “வக்கீலு வெள்ளிக்கிழம வரச் சொல்லிருக்காக. அதுக்கு முந்தி எப்பிடிப் போறது? கஞ்சியக் கொண்டாங்க” என்றாராம். இதை எனக்குச் சொன்னதே அந்தப் பெரியவர்தான்.

பெரியகுளத்தில் ஒரு மாம்பழ மண்டிக்கு மேலே அவருடைய அறை. பெயர்ப்பலகையில் அவருடைய நிஜப் பெயர் இருக்கிறது. ஊரில் யாரும் அதை வாசித்ததாகத் தெரியவில்லை. செங்குத்தான படிக்கட்டு. உயில் எழுத ஏறி வருகிறவரை அதே படிக்கட்டில் திருப்பி இறக்கிவிடுவதுதான் அவருடைய தொழில்முறை; ‘ரிட்டன்’ என்ற பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். “இன்னைக்கு ஆகாது. போயிட்டு வா.” மற்ற வக்கீல்களுக்குக் கட்சிக்காரர் போய்விடுவாரோ என்று கவலை. இவருக்கு, உட்கார்ந்துவிடுவாரோ என்று கவலை. அதற்காகவே ஒரு பக்கக் கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை நமக்கென்று வைத்திருந்தார். சாய்ந்தால் விழுந்துவிடுவோம் என்பதால் யாரும் பொய் சொல்லச் சாவகாசமாக உட்கார முடியாது.

நான் அந்த நாற்காலியில் போய் மாட்டிக்கொண்ட கதை இது.

எனக்குத் தேனியில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தொழில் மோட்டார், உபதொழில் கிண்டல். மதுரையில் ஒரு டாக்டர் என் நெஞ்சுப் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, “மூணு எடத்துல அடைப்பு. ஆபரேஷன்தான். அடுத்த வாரம் வியாழக்கிழமை வந்துருங்க” என்றார்.

“சார், எங்க தோட்டத்துல சொட்டுநீர்க் குழா அடைச்சா வாய வச்சு ஊதிவிட்ருவோம். அது மாதிரி ஏதாச்சும்...”

டாக்டர் சிரிக்கவில்லை. நான் ஜோக் அடித்து எதிராளி சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. பயம் அங்கே பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு நான் செய்த கூத்தைச் சொன்னால் வெட்கம். கடைக்கு வந்த மோட்டார் ஒன்று உர்ரென்று இரைந்து நின்றால், என் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பேன். டீ மாஸ்டர் கணேசனிடம், “நல்லா இரு கணேசா” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் பயந்துபோய்ச் சர்க்கரையைக் குறைத்துவிட்டான். கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, எந்த போட்டோவுக்கு மாலை போட்டால் மீசை மறையாமல் இருக்கும் என்று பார்த்தேன்.

கிண்டலுக்கு அடியில் ஒரு நிஜமான பயமும் இருந்தது. அது என்னைப் பற்றியது இல்லை, பாண்டியம்மா அக்காவைப் பற்றியது.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அப்பா அதை என் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆண் பிள்ளை அல்லவா! ஆனால் பந்தல் போட்டது, கொடி ஏற்றியது, மருந்தடித்தது, வியாபாரியோடு சண்டை போட்டது எல்லாம் அக்கா. அத்தான் இறந்த பிறகு அவள் இருப்பதும் அந்தத் தோட்டத்து வீட்டில்தான். அவளுக்கென்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஆபரேஷன் மேஜையில் நான் போய்விட்டால் தோட்டம் என் சம்சாரம் செல்விக்கும் மகனுக்கும் வரும். செல்வி தங்கமானவள். ஆனால் அவளுடைய தம்பி ராசு மனை போட்டு விற்கிறவன். எங்கள் தோட்டத்தை அவன் பார்க்கும்போது திராட்சையைப் பார்க்க மாட்டான். இந்த மூலையில் கல் ஊன்றினால் அந்த மூலையில் எவ்வளவு அகலத்துக்குத் தெரு விடலாம் என்று பார்ப்பான்.

அதனால் உயில் எழுதியாக வேண்டும். தோட்டம் அக்காவுக்கு. செல்வியிடம் இதைச் சொல்லத் தைரியம் இல்லை. நெஞ்சைப் பிளக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சம்சாரத்திடம் வாயைத் திறக்க முடியவில்லை.

முதலில் தேனியில் ஒரு வக்கீலிடம் போனேன். ராசு சொன்ன ஆள், கூட்டிப்போனதும் அவன்தான்; கடை விஷயமாக ஒரு பத்திரம் என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தேன். ஏசி அறை, மெத்தை நாற்காலி, எலுமிச்சை டீ.

“தோட்டத்த எங்க அக்காவுக்கு எழுதணும் சார்.”

“பண்ணிரலாம் சார்.”

“வீட்டுல தெரியக்கூடாது.”

“தாராளமாப் பண்ணிரலாம் சார்.”

எனக்குள் இருக்கிற குசும்பன் சும்மா இருப்பானா? “ஒருவேள, வெளிய நிக்கிறானே என் மச்சினன், அவன் பேருக்கே எழுதிருங்கன்னு நான் சொன்னா?”

“அதுவும் பண்ணிரலாம் சார்!”

எழுந்துவிட்டேன். எனக்குத் தலையாட்டுகிற இந்த மனுசர் நாளைக்கு ராசுவுக்கும் இதே வேகத்தில் தலையாட்டுவார்.

அடுத்து ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கே உயில் ரெடிமேடாக இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்துவிடுவார்கள். வாங்கி வெளியே வந்து வாசித்துப் பார்த்தேன். பெயர் மாறியிருந்தது. அதற்குக் கீழே, “எனது இரண்டாவது மனைவி ராஜாத்திக்கு” என்று ஒரு வரி யாருடைய வாழ்க்கையிலிருந்தோ அப்படியே தங்கியிருந்தது. இதை மட்டும் செல்வி பார்த்திருந்தால் வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

மிச்சமிருந்தது ரிட்டன் வக்கீல். அவர் சுத்தமான ஆள் என்று ஊரே சொல்கிறது. ஆனால் முடித்துத் தர மாட்டார். பண்ணிரலாம் வக்கீலோ இன்றைக்கே முடித்துவிடுவார். ஆனால் நம்ப முடியாது. நாளோ ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு முடிவுக்கு வர முடியாதவன் என்ன செய்வானோ அதையே செய்தேன். வீரபாண்டிக்குப் போய்க் கவுமாரியம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், பண்ணிரலாம். செவ்வரளி ஒரு பொட்டலம், ரிட்டன். சன்னதியில் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவை எடுக்கச் சொன்னேன். செவ்வரளி வந்தது. எனக்குத் திக்கென்றது. மறுபடி கட்டிக் குலுக்கிப் போட்டேன். மறுபடியும் செவ்வரளி. இன்னொரு தடவை கட்டப் போனபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏய்யா, ஆத்தா சொன்னா கேட்டுக்கிறணும். இதென்ன கிரிக்கெட்டா, நமக்கு வேணுங்கிறது விழுற வரைக்கும் டாஸ் போட?”

மறுநாள் காலை பெரியகுளம். “மாமா, இந்த ஒடம்போட பஸ்ஸுல போவீகளா?” என்று ராசு தன் காரிலேயே கூட்டிப்போனான். ரிட்டன் வக்கீல் மாம்பழம் ஒன்றைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். நான் உடைந்த நாற்காலியில் உட்காரும் முன்பே ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

“கீழ நிக்கிற கார் யாருது?”

“என் மச்சினன் கார் சார்.”

“பஸ்ஸுல வா.”

“சார், நெஞ்சுல அடைப்பு...”

“யோவ், நாளைக்கு இந்த உயில் கோர்ட்டுக்குப் போனா எதிர்க்கட்சி வக்கீல் என்ன கேப்பான்? யாரு கூட்டியாந்தா, யாரு வண்டி, யாரு டீ வாங்கிக் குடுத்தா. உயில் எழுத வாரவன் அவன் கால்ல வரணும். போயிட்டு வா.”

அடுத்த நாள் பஸ். வீட்டில் சொல்லாமல்தான் கிளம்பினேன். ஆனால் பஸ் ஸ்டாண்டில், ஒரு கூடைத் திராட்சையோடு பாண்டியம்மா அக்கா நிற்கிறாள். நெஞ்சு வலிக்காரன் தனியாகப் போகக்கூடாதாம். கடையில் விசாரித்துத் தெரிந்துகொண்டு கம்பத்திலிருந்து வந்துவிட்டாள். படியேறி அறைக்குள் நுழைந்ததும் வக்கீல் கேட்டார்.

“இவுக யாரு?”

“எங்க அக்கா சார். தோட்டத்த இவுகளுக்குத்தான் எழுதப்போறேன்.”

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்காவுக்கு இந்தச் சங்கதியே அப்போதுதான் தெரியும். கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“ஏலே! எனக்கு என்னத்தடா எழுதுற? செத்தா போகப்போற? எழுதுறானாம்ல எழுதுறான்! நான் கேட்டனா ஒன்ன?”

அடைப்பு இருக்கிறவனை முதுகில் அடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கவில்லை. நான் இருமினேன். அவள் அழுதாள். வக்கீல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “ரெண்டு பேரும் கீழ எறங்குங்க. யாருக்குச் சேருதோ அவுகள வச்சிக்கிட்டு நான் ஒரு வரி எழுத மாட்டேன்” என்றார். அக்காவிடம் மட்டும் குரல் கொஞ்சம் தணிந்தது. “ஆத்தா, அந்தப் பழத்தையும் எடுத்துக்கங்க. இன்னைக்கு நான் தின்னா, நாளைக்கு அதுவும் கோர்ட்டுல வந்து பேசும்.”

அக்காவைக் கம்பம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் மட்டும் மறுபடி மேலே போனேன். சொத்து, சொந்தம், கடன், கோபதாபம் எல்லாம் கேட்டார். அடுத்த நாளும் வரச் சொல்லி, அதையே முதலிலிருந்து கேட்டார். பதில் மாறுகிறதா என்று பார்க்கிறாராம். என் பதில் மாறவில்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஒரு நகல் எழுதி, “வீட்டுல வச்சு நிதானமா வாசி. வாசிச்சிட்டு வா” என்றார்.

நான் நிதானமாக வாசிக்கிற நிலைமையிலா இருந்தேன்? நேரே வீரபாண்டிக்குக் கொண்டுபோய் ஆத்தா காலடியில் வைத்து எடுத்தேன். பூசாரி தாராளமான மனுசர். குங்குமத்தை அள்ளி வைத்தார். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்ததும் வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“சர்வே நம்பர் எங்கய்யா?”

சர்வே நம்பர் சரியாகக் குங்குமத்துக்கு அடியில் இருந்தது.

“ஆத்தா ஆசீர்வாதம் சார்.”

“நல்லது. ஆத்தா சாட்சிக் கூண்டுல ஏறிச் சொல்லுமா, இதுக்கு அடியில என்ன நம்பர்னு?” காகிதத்தை ஓரமாகத் தள்ளினார். “அது கெடக்கட்டும், வேற எழுதிக்கிறலாம். சம்சாரத்துக்கு இது தெரியுமா?”

நான் குங்குமக் காகிதத்தை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

“தெரியாதா?”

“சட்டப்படி சொல்லணுமா சார்?”

“சட்டப்படி வேண்டியதில்ல. ஒன் பேருல உள்ள தோட்டம், ஒன் இஷ்டம்.” மாம்பழக் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார். “ஆனா நீ போன பெறகு அந்த ரெண்டு பொம்பளைகளும் ஒரு வீட்டுல எதிரெதிர உக்காந்திருப்பாக. நடுவுல நான் எழுதுன காயிதம் கெடக்கும். நேத்து வரைக்கும் ஒரே சட்டில கொழம்பு ஊத்திக்கிட்டவுக அதப் பாத்து ஒருத்தருக்கொருத்தர் பேச மாட்டாக. அத எத்தன வீட்டுல பாத்துட்டேன். சொல்லிட்டு வா.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. பயந்தவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும். எழுந்து கத்தினேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

“வியாழக்கிழமை ஆபரேஷன் சார்! சொல்லிட்டு வா, வாசிச்சிட்டு வா, பஸ்ஸுல வான்னா, அதுக்குள்ள நான் செத்துட்டா எங்க அக்கா எங்க போவா?”

“சாகக்கூடாது” என்றார் வக்கீல். “இன்னும் எழுதி முடிக்கலல்ல?”

அன்று சாயங்காலம் செல்வி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு முழுக்க மறந்துபோயிற்று. “தோட்டத்த அக்காவுக்கு எழுதப்போறேன்” என்று மட்டும் சொன்னேன்.

செல்வி கையிலிருந்த மொச்சையை உரித்து முறத்தில் போட்டாள். என் நெஞ்சு டாக்டர் படத்தில் காட்டாத ஒரு நாலாவது இடத்தில் அடைத்தது. அவள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு போனை எடுத்தாள். ராசுவுக்குத்தான் போடுகிறாள் என்று தெரிந்தது. முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஏலே ராசு, நாளைக்கு நீ காரு கொண்டாந்துறாத. நானும் மாமாவும் பஸ்ஸுலயே போயிக்கிறோம். எங்கனயா? மதினிக்குத் தோட்டத்த எழுதப் போறோம். ஆமா. ஒண்ணும் யோசிக்கல, நீ வையி போன.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “அந்தத் தோட்டம் என்னைக்கு நம்ம தோட்டமா இருந்துச்சு? கொடிக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்திருப்பீகளா நீங்க? இதச் சொல்றதுக்கா இத்தன நாளா பாத்ரூமுக்குள்ள போயித் தனியாப் பேசுனீக? நான் ஆபரேஷன் பயத்துல ஏதோ மந்திரம் சொல்றீகன்னுல்ல நெனச்சேன்!”

மறுநாள் காலை செல்வி கீழே மண்டியில் உட்கார்ந்துகொள்ள, நான் சாட்சிக்கு டீ மாஸ்டர் கணேசனையும் பக்கத்துக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். உயில் தயாராக இருந்தது. வக்கீல் அதைத் தொடவில்லை. கணேசனையே பார்த்தார், மாட்டுத் தாவணியில் மாடு பார்க்கிற பார்வை.

“கீழ போயிட்டு மறுபடி ஏறி வாங்க.”

கணேசன் போனான், வந்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, புஸ் புஸ்ஸென்று நின்றான்.

“சுகரா?”

“ஆமாங்கய்யா.”

“வேணாம். சாட்சி, எழுதுறவன விடக் கூடுதல் நாளு இருக்கணும். நாளைக்கு கோர்ட்டுல வந்து ‘ஆமா, இது அவரு கையெழுத்துதான், எனக்கு முன்னால போட்டாரு’ன்னு இவன்ல சொல்லணும்?”

“சார், படி ஏறுனா எனக்கும்தான் மூச்சு வாங்குது” என்றேன்.

“நீ வாங்கலாம்யா. நீ எழுதுறவன். சாட்சிக்கு மூச்சு வாங்கக்கூடாது.”

கணேசனுக்கு அழுகையே வந்துவிட்டது. “நல்லா இருன்னு நீங்க சொன்னப்பவே நெனச்சேன்ணே” என்றான். கீழே ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் மாம்பழம் வாங்கிக்கொண்டிருந்தார். செல்வி அவரை எப்படியோ பேசி மேலே அனுப்பிவிட்டாள். கழுத்தில் விசிலோடு இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து நின்றார் மனுசர். வக்கீல் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. “இவரு சாட்சி!” என்றார். பக்கத்துக் கடைக்காரரும் படிக்கட்டுப் பரீட்சையில் தப்பித் தவறித் தேறினார்.

எல்லாரையும் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்.

“யாரும் சொல்லி எழுதுறியா?”

“இல்ல சார்.”

“பயந்து எழுதுறியா?”

“பயம் இருக்கு சார். ஆனா அதுக்காக எழுதல. பயம் இல்லாட்டியும் இதத்தான் எழுதுவேன்.”

“இதத்தான்யா நான் இத்தன நாளாக் கேட்டுக்கிட்டிருந்தேன்” என்று கதவைத் திறந்தார்.

சாட்சிகள் பார்க்கக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கிக் கையெழுத்து நெளிந்தது. “ஆடட்டும். ஒன் கைதான” என்றார். வேலை முடிந்ததும் எனக்குப் பழைய குசும்பு திரும்பி வந்துவிட்டது.

“ஊருக்கெல்லாம் எழுதுறீக. ஒங்க உயில எழுதிட்டீகளா சார்?”

“எழுதி வருசக்கணக்காச்சு. கையெழுத்துத்தான் போடல.”

“ஏன் சார்?”

“நம்புற மாதிரி சாட்சி கெடைக்கல.” அக்கா புதிதாகப் பறித்துக் கொடுத்தனுப்பி, செல்வி மேலே கொண்டுவந்திருந்த திராட்சைக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டார். “இனிமேத் திங்கலாம்” என்று ஒரு கொத்தை எடுத்து, எங்களுக்கு ஒரு வார்த்தைக்குக்கூட நீட்டாமல் தின்னத் தொடங்கினார்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்தபோது ஒரு பக்கம் செல்வி, ஒரு பக்கம் அக்கா. இரண்டு பேரும் என்னைத் தாண்டி, இந்த வருசம் பந்தலுக்குக் கல்லுக்கால் ஊன்றலாமா, மூங்கில் போதுமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பேச்சு நிற்காது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு நன்றாகத் தூக்கம் வந்தது.

உடம்பு தேறி நான் கடைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் ரிட்டன் வக்கீல் போன் செய்தார். “இங்கன ஒரு எட்டு வந்துட்டுப் போ” என்று வைத்துவிட்டார். என் உயிலில் ஏதோ கோளாறு என்று பதறிக்கொண்டு பஸ் ஏறினேன்.

படிக்கட்டின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். நான் ஏறி முடித்ததும் என் வாயையே பார்த்தார்.

“மூச்சு வாங்குதா?”

“இல்ல சார்.”

“எறங்கி மறுபடி ஏறு.”

இறங்கினேன், ஏறினேன். நெஞ்சில் தையல் போட்ட இடம் லேசாக இழுத்தது, மூச்சு வாங்கவில்லை. வக்கீல் உள்ளே போனார். அங்கே விசில் மாட்டிய உடற்பயிற்சி ஆசிரியர் முன்பே உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஓரமெல்லாம் பழுத்துப்போன ஒரு காகிதம். அடியில் கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது.

“சார், இது ஒங்க...”

“ஆமா.”

“நான் நெஞ்சப் பொளந்து ஒட்டுன ஆளு சார். சாட்சி ஒங்கள விடக் கூடுதல் நாளு...”

“அதெல்லாம் இருப்ப” என்றார், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே. “நாற்காலிய ஒதச்சிட்டு எந்திரிச்சுக் கத்துனியே, அன்னைக்கும் நீ ஒங்க அக்காவுக்காகத்தான் கத்துன. அப்பவே ஒன்னப் பாத்து வச்சிட்டேன்.”

எங்கள் கண் முன்னால் அவர் கையெழுத்துப் போட்டார். அவர் கண் முன்னால் ஆசிரியரும் நானும் போட்டோம். இந்தத் தடவை என் கை ஆடவில்லை.

இப்போது தினமும் காலையில் நடக்கிறேன், எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடுவதில்லை. சாட்சி என்றால் சும்மாவா? ஆனால் வீரபாண்டிக்குப் போகும்போதெல்லாம் பூக்கட்டிப் பார்க்காமலேயே ஆத்தாவிடம் ஒன்றை வேண்டிக்கொள்கிறேன்: ‘இது அவர் கையெழுத்துதானா?’ என்று யாரும் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்கிற நாள் வரவே வேண்டாம்.